குறிப்பறிதலும் மூளையின் வலையமைப்பும்: ஓட்டிசம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு இரு அதிகாரங்களுக்கு இடப்பட்டுள்ளது. 71ஆம் அதிகாரம், அதன் வைப்புமுறையை நோக்குமிடத்து, மன்னனைச் சார்ந்தொழுகும் அமைச்சனுக்குரிய திறனைப் பேசுகின்றது. 110ஆம் அதிகாரம் காதலரிடையே நிகழ்வதைப் பேசுகின்றது. பிறர் உள்ளத்தை முகத்தாலும் கண்ணாலும் அறிதல் இரண்டிற்கும் பொது. ஆயினும் காதலர் ஒருவரையொருவர் அறிய முயல்கின்றனர். அரசவையிலோ அறியவேண்டிய கடப்பாடு கீழிருப்பவனையே சார்கின்றது. அமைச்சனின் உள்ளக்குறிப்பை அரசன் அறியத் தவறினால் அதனை ஒருவரும் அரசனின் குறைபாடென்று கூறுவதில்லை.

நரம்பியல் ஆய்வுக்குள் இலக்கிய மாணவர்களாகிய நாம் புகுவதற்கு இவ்வேறுபாடே காரணமாகும். ஓட்டிசம் உடையோர் பிறர் மனத்தை அறியும் ஆற்றலிற் குறைந்தவர் என்ற கருத்து கடந்த நாற்பதாண்டுகளாக ஆதிக்கம் செலுத்தி வந்துள்ளது. அக்குறையின் இருப்பிடம் மூளையின் இணைப்புகளிலேயே உள்ளது என்பது அதன் பிந்திய வடிவம்.

1943இல் அமெரிக்காவில் லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடு இவ்வரலாறு தொடங்குவதாகக் கூறுவர். 1925இலேயே மொஸ்கோவில் சுகரேவா என்னும் மருத்துவர் இத்தகைய சிறுவர் அறுவரை விவரித்திருந்தார் என்பது நெடுங்காலம் பேசப்படாமலே இருந்தது. (வரலாறு எங்கிருந்து எழுதப்படுகின்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.) 1985இல் லண்டனில் பேரன்-கோகன், லெஸ்லி, பிரித் ஆகியோர் நடத்திய பொம்மைப் பரிசோதனை புகழ்பெற்றது. ஒரு பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகின்றது. மற்றைய பொம்மை அதனைப் பெட்டிக்குள் மாற்றிவிடுகின்றது. திரும்பி வரும் பொம்மை எங்கே தேடும்? ஓட்டிசம் உடைய 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினர். எஞ்சிய நால்வர் சரியாக விடையளித்ததைப் பின்வந்த பொதுமைப்படுத்தல்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

அடுத்து வந்தது வலையமைப்புக் கோட்பாடு. பிறரைப் புரிந்துகொள்ளும்போது மூளையின் ஓரிடம் மாத்திரம் தொழிற்படுவதில்லை. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள பல பகுதிகள் சேர்ந்தே தொழிற்படுகின்றன. காந்தப்புல ஒளிப்பட முறையில் அவ்வப் பகுதிகளின் குருதியோட்டம் அளக்கப்பட்டு, ஒருங்கே ஏறி இறங்கும் பகுதிகள் 'இணைந்தவை' எனக் கொள்ளப்படுகின்றன. 2004இல் ஜஸ்ற் முதலியோர், ஓட்டிசம் உடையோர் வாக்கியமொன்றைப் படித்து விளங்கும்போது மொழிக்குரிய பகுதிகளிடையே இவ்வொருங்கிசைவு குறைந்திருப்பதைக் கண்டு, 'குறை இணைப்பு' என்னும் கருத்தை முன்வைத்தனர்.

இங்கு 'இணைப்பு' என்ற சொல் மயக்கந் தருவது. வன்னியின் குளங்களைக் கொண்டு இதனை விளக்கலாம். இரு குளங்களின் நீர்மட்டம் ஒருங்கே ஏறி இறங்கினால் அவற்றிடையே வாய்க்கால் இருக்கலாம். அல்லது ஒரே மாரிமழை இரண்டிலும் பெய்திருக்கலாம். நீர்மட்டத்தை அளந்தவன் வாய்க்காலைக் கண்டவனாக மாட்டான். அளவுகோலே அசைந்தால் நிலைமை மேலும் சிக்கலாகும். படமெடுக்கும்போது தலை சிறிதளவு அசைந்தாலும் தூரப் பகுதிகளின் இணைப்புக் குறைந்தும் அண்மைப் பகுதிகளின் இணைப்பு மிகுந்தும் தோன்றும் என்பதை 2012இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஓட்டிசத்துக்கே உரியதெனக் கருதப்பட்ட கோலமும் ஏறத்தாழ இதுவே! 17 நிலையங்களிலிருந்து 1112 பேரின் படங்களைத் திரட்டி 2014இல் வெளியான ஆய்வு, குறைந்த இணைப்போடு சில இடங்களில் மிகுந்த இணைப்பையும் கண்டது. ஒருவரின் மூளைப்படத்தை மட்டும் கொண்டு அவருக்கு ஓட்டிசம் உண்டெனத் துணியும் அடையாளம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. பேரிரைச்சல் எழுப்பும் குழாய்க்குள் அசையாது கிடக்கக்கூடியவர்களே பெரும்பாலும் ஆராயப்பட்டனர் என்பதும் கருதத்தக்கது. ஓசையைத் தாங்காத, பேச்சில்லாத பிள்ளைகள் அப்படங்களில் அரிதாகவே உள்ளனர்.

இவ்வாய்வுகள் பயனற்றவை என்பது நம் வாதமன்று. மனத்திற்குப் பௌதிக அடிப்படை உண்டு என்பதைப் பொருள்முதல்வாதி மறுக்கமாட்டான். ஆனால் இருவரிடையே நிகழும் உறவொன்றை ஒருவரின் மண்டையோட்டுக்குள் அடைத்து, அதனைப் பொருளாகக் காண்பது யாந்திரிகப் பொருள்முதல்வாதமேயாகும். உடற்குறை வேறு, அதன்மீது சமூகம் ஏற்றும் விளைவு வேறு என்பதனைச் சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி 1920களிலேயே வற்புறுத்தியிருந்தார். 2012இல், தாமும் ஓட்டிசம் உடையவரான டேமியன் மில்ரன் என்னும் சமூகவியலாளர், புரியாமை இருபாலும் நிகழ்வது என்றார். மற்றவர்களும் ஓட்டிசம் உடையோரின் குறிப்பை அறியத் தவறுகின்றனர். எனினும் சிறுபான்மையினரின் தவறே நோயெனப் பெயர் பெறுகின்றது. இது 71ஆம் அதிகாரத்தின் நிலைமையை நினைவூட்டவில்லையா?

இவ்விவாதத்தின் முக்கியத்துவத்தை வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில் நின்று நோக்கும்போதே நாம் முழுமையாக உணர்கின்றோம். 2009இல் இவ்வூரின் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். அதன் பிரிவுகளுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் எனப் பெயர்கள் இடப்பட்டிருந்தன. 2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டது. அங்கே தம் மொழி பேசாத காவலரின் முகக்குறிப்பை அறிந்தே மக்கள் நாளைக் கழிக்கவேண்டியிருந்தது. காவலர் தம் குறிப்பை அறியவேண்டுமென்று கோரும் நிலையில் அவர்கள் இருக்கவில்லை.

அக்கூட்டத்தில் பேசாத, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாத பிள்ளையொன்றை எவ்வாறு விளங்கிக்கொள்வது? ஷெல் ஓசைக்கு அஞ்சி வாயடைத்தது என்பது எளிய விடை. சில பிள்ளைகளைப் பொறுத்தவரை அது உண்மையாகவும் இருக்கும். ஆயின் பிறவியிலேயே வேறாக அமைந்த பிள்ளையின் மௌனமும் அவ்விடைக்குள் மறைந்துவிடும். இவ்விடத்தில் புறூனோ பெற்றல்ஹைம் நினைவுக்கு வருகின்றார். நாஜி வதைமுகாம்களில் அடைபட்டிருந்த அவர், 1967இல் வெளியிட்ட நூலில், ஓட்டிசம் உடைய குழந்தையை முகாம்கைதியோடு ஒப்பிட்டு, தாயின் புறக்கணிப்பே குழந்தையின் ஒடுக்கத்துக்குக் காரணமென்றார். முகாமை அனுபவித்தவர் அதனை வீட்டுக்குள் கண்டு தாயைக் குற்றவாளியாக்கினார். அக்கொள்கை அறிவியலிற் கைவிடப்பட்டுவிட்டது. ஆனால் 'தாய் பிள்ளையோடு பேசவில்லை' என்ற பழிச்சொல் நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. போரிலிருந்து பிள்ளையைக் காத்து வந்த தாய்க்கு அது இரட்டைத் தண்டனையாகும். ஓட்டிசத்துக்குப் பெரும்பாலும் பரம்பரையலகுகளே அடிப்படை என்பதை மூளையாய்வும் மரபியலும் நிறுவியதால் அவள்மேலிருந்த பழி நீங்கியது. அறிவியலின் இப்பங்கினை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

அதே 2009இல்தான் இலங்கையில் 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணிப்பு வெளியாயிற்று. ஹேமமாலி பெரேரா முதலியோர் 18 தொடக்கம் 24 மாத வயதுடைய 374 குழந்தைகளை ஆராய்ந்து நால்வரை இனங்கண்டனர். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் அவ்வெண் இந்நால்வரிலிருந்து பிறந்ததே. மேலைநாட்டு வினாக்கொத்து அந்நால்வருள் ஒருவரை மட்டுமே பிடித்தது. பின்னர் அவர்களே படங்களைக் கொண்ட வேறொரு கருவியை ஆக்கினர். கண்ணை நேரே நோக்குதல் மேலைநாட்டு அளவைகளிற் சிறப்பிடம் பெறுவது. பெரியோர் முன் கண் தாழ்த்தப் பழக்கப்படும் வன்னிப் பிள்ளைக்கு அதனை எவ்வாறு பொருத்துவது என்பதை அவ்வூர்த் தாய்மாரோடும் ஆசிரியரோடும் இருந்தே வகுக்கவேண்டும்.

மெனிக் பாமில் அன்று நான்கு வயதினராயிருந்தோர் இன்று இருபதைக் கடந்துவிட்டனர். குழந்தைகளுக்கென ஆக்கப்பட்ட வினாக்களோ படங்களோ அவர்களுக்குப் பொருந்தமாட்டா.