நடுகல் யாருக்குச் சொந்தம்?

சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில் தர்மபுரியைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் காரிமங்கலம் வருகிறது. குன்றின்மேல் அருணாசலேசுவரர் எழுந்தருளியிருக்கும் அவ்வூரைப் பிரயாணிகள் பலர் அறிவார்கள். ஆயினும் காரிமங்கலம் அடங்கிய பழைய தகடூர் நாட்டுக்குத் தமிழ்ச் சரித்திரத்தில் தனிப் பெருமையைத் தேடித் தந்தவை அதன் கோயில்கள் அல்ல; ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் மரத்தடியிலும் காட்டோரத்திலும் மௌனமாக நிற்கும் நடுகற்களேயாகும். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் பொருது மாண்டவன், ஊரைக் காக்க நின்று வீழ்ந்தவன், புலியோடு போராடி உயிர் நீத்தவன் ஆகிய வீரர்களுக்கு எடுக்கப்பட்ட ஞாபகச் சின்னங்கள் அவை. மன்னர்களின் மெய்க்கீர்த்தியைக் கோயிற் சுவர்கள் பேசுகின்றன. பாமர வீரனின் பெயரைப் பேச இக்கற்களைத் தவிர வேறு சாசனம் அரிது.

இக்கற்களை இனி என்ன செய்வது? நின்ற இடத்திலேயே விடுவதா, பெயர்த்தெடுத்துக் காட்சிச்சாலையில் வைப்பதா? இது புதைபொருள் ஆராய்ச்சிக்காரரின் காரியம், நமக்கு இதில் என்ன வேலை என்று நம்மவரில் அநேகர் எண்ணுவதாகத் தெரிகிறது. அவ்வெண்ணம் பெரும் பிசகென்பதே நமது அபிப்பிராயம். ஒரு பொருளை அதன் இடத்தினின்று எடுக்கும் உரிமை யாருடையது, எடுத்தவன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்ற கேள்விகள் தர்ம நியாயத்தைச் சார்ந்தவை. அவற்றைச் சர்க்கார் இலாகாவின் தீர்மானத்துக்கு மாத்திரம் விட்டுவிடுவது சுயராஜ்யம் பெற்ற ஜனங்களுக்கு அழகன்று.

நடுகல் என்பது வெறுங் கல்லன்று என்பதைத் தொல்காப்பியமே சொல்லுகிறது. தக்க கல்லைக் கண்டு தேர்வது முதல், கொண்டு வந்து நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது ஈறாக ஒவ்வொன்றையும் ஒரு சடங்காகவே அந்நூல் வகுத்திருக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் மாண்ட பின் அவனுக்கு நட்ட கல்லின் முன் கள்ளைப் படைக்கக் கண்டு ஔவையார் நெஞ்சுருகிப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. ஆகவே இந்நாட்டு மண்ணில் கல் நடும் வழக்கம் அரசனுக்கும் உரியது, ஆயனுக்கும் உரியது.

1970-களின் தொடக்கத்தில் டாக்டர் இரா. நாகசாமி தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராயிருந்த காலத்தில், அத்துறையார் செங்கம் பிரதேசத்தில் கிராமம் கிராமமாகச் சென்று இக்கற்களைத் தேடினார்கள். 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூல் வெளிவந்தது. பல்லவர் காலத்து வட்டெழுத்துச் சாசனங்கள் பல அதனால் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல் அது. கருந்தேவக்கத்தி என்பவன் பட்டதைச் சொல்லிவிட்டு, அவனுடைய கோவிவன் என்ற நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் அது சொல்லுகிறது. நாயின் உருவமும் கல்லில் இருக்கிறது. சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் விசுவாசத்தைப் பெயர் சொல்லிக் கல்லில் பொறித்த கிராமத்தாரை அநாகரிகர் என்று எவர் சொல்லத் துணிவார்?

இத்தகைய கற்களுக்கு இன்று உரிமை கொண்டாடுவோர் இரு சாரார். சாசனத்தைப் படித்துச் சரித்திரம் எழுதும் அறிஞர் ஒரு சாரார். எழுத்தைப் படிக்க அறியாவிடினும் அக்கல்லை வேடியப்பன் என்று பெயரிட்டு, எண்ணெய் வார்த்து, மஞ்சளும் குங்குமமும் சாத்திப் பொங்கலிட்டு வருகிற ஊரார் மற்றொரு சாரார். எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து மறைந்துபோகிறதே என்று அறிஞர் அங்கலாய்க்கிறார்; அதில் நியாயம் உண்டு. எண்ணெயின் மேல் தூசியும் விளக்குப் புகையும் படிந்து நாளடைவில் பொளிந்த எழுத்தை மூடிவிடுவது கண்கூடு. ஆனால் அந்த எண்ணெய் வார்க்கும் கைகள் இல்லாதிருந்தால் அக்கல் இத்தனை நூற்றாண்டு எஞ்சியிருக்குமா? படியாகவும் மதகுப் பலகையாகவும் துவைகல்லாகவும் அது போயிருக்கும். பக்தியே இதுகாறும் அதற்குக் காவலாக இருந்து வந்திருக்கிறது.

அக்காவல் எங்கும் இருக்கிறதென்று சொல்லுவதற்கில்லை. கும்பிடும் குடும்பம் ஊரை விட்டுப் பிழைக்கச் சென்றுவிட்ட இடத்தில் கல் அநாதையாகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் கருங்கல்லுக்குத் தேசாந்தரங்களிலும் கிராக்கி உண்டு. குன்றை அறுக்கும் யந்திரத்துக்குப் பாறையின் அடியில் சாய்ந்து கிடக்கும் வீரனின் உருவம் தெரியப் போவதில்லை. ரஸ்தாவை அகலப்படுத்தும் போதும், நிலம் மனைகளாகப் பிரியும் போதும் முதலில் பெயர்க்கப்படுவன இத்தகைய கற்களே. அப்படி அநாதையான கற்களுக்குக் காட்சிச்சாலையே கதி. தர்மபுரியில் உள்ள அகழ்வைப்பகத்தில் இவ்வட்டாரத்து நடுகற்கள் திரட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அவ்வாறு திரட்டியிராவிட்டால் அவற்றில் பலவற்றை நாம் இழந்திருப்போம். அத்தொண்டைச் செய்தவர்களுக்குத் தமிழ்நாடு நன்றி பாராட்டக் கடமைப்பட்டது.

எனினும் காட்சிச்சாலையின் வாசலுக்குள் நுழைந்தவுடன் ஒரு பொருள் பிழைத்துவிட்டதென்று எண்ணலாகாது. சென்னை எழும்பூர்க் காட்சிச்சாலையை அந்நகரத்து ஜனங்கள் முற்காலத்தில் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சிச் சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்து வந்தார்கள். பரிகாசமாகச் சொன்ன சொல்லானாலும் அதில் ஆழ்ந்த கருத்திருக்கிறது. எடுத்து வந்த பொருளின் ஊர் எது, எந்தத் திசையை நோக்கி எந்த ஏரியின் கரையில் நின்றது, பக்கத்தில் வேறு கற்கள் இருந்தனவா, ஊரார் அதை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்ற விவரங்களைக் குறியாமல் ‘நடுகல், கி.பி. 7-ஆம் நூற்றாண்டு’ என்று ஒரு சீட்டை ஒட்டி வைத்தால் அக்கல் மெய்யாகவே செத்துப்போகிறது. கல்லைக் காத்தவர்கள் கதையைத் தொலைத்தவர்களாகிறார்கள்.

கல்லைக் காப்பதும் எளிதான வேலையன்று. சிமெண்டில் புதைத்து நிறுத்திவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணுவோர் உண்டு. ஈரத்தோடு கலந்து சிமெண்டின் உப்பு கல்லில் ஏறுகிறது. காயும்போது அவ்வுப்பு மணியாகத் திரண்டு கல்லின் மேற்றோலைப் பொருக்காக உதிர்க்கிறது. வீரனின் காலடியில் கிண்டியும் சிமிழும் செதுக்குவது பழைய சிற்பியின் வழக்கம். கல்லை ஆழமாகப் புதைத்தால் அவையும் மறைகின்றன. அமிலமும் கம்பித் தூரிகையும் கொண்டு எண்ணெயைச் சுரண்டுகிறவன் எண்ணெயோடு எழுத்தையும் சுரண்டுகிறான். உலோக விக்கிரகங்களைப் பீடிக்கும் பச்சைக் களிம்பு நோயைத் தீர்ப்பதற்கென்றே எழும்பூரில் 1930-களில் டாக்டர் எஸ். பரமசிவன் ரசாயனச் சாலையில் பாடுபட்டார். மின்சார முறையால் விக்கிரகங்களுக்குச் சிகிச்சை செய்த அம்மரபு நம்மிடையே இருக்கிறது. செம்புக்குக் கிடைத்த வைத்தியம் கிராமத்துக் கருங்கல்லுக்கும் கிடைக்கலாகாதா?

இடத்தினின்று பொருளைப் பிரிப்பதன் விளைவை அறியத் தமிழ்நாட்டின் தென்கோடிக்குச் செல்ல வேண்டும். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தவை பெர்லின் சென்றன. 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்ஸாண்டர் ரீ தோண்டி எடுத்தவை சென்னை சேர்ந்தன. மண்பாண்டமும் இரும்பும் பொன் நெற்றிப்பட்டமும் மட்டுமல்ல, தாழிகளிலிருந்த நம் முன்னோரின் மண்டையோடுகளுமே காட்சிச்சாலைக்குப் போயின. அவற்றை அளந்து ஆராய்ந்த அறிக்கை 1930-ல் சென்னைக் காட்சிச்சாலையின் வெளியீடாக வந்தது. ஆதிச்சநல்லூராருக்கோ தங்கள் ஊர்ப் பொருளைத் தங்கள் ஊரிலேயே பார்க்க நூறாண்டுக்கு மேல் வழியில்லாதிருந்தது. 2023 ஆகஸ்டில்தான் தாழிகளை அவை புதைந்த குழியிலேயே வைத்துக் கண்ணாடித் தளத்தின் வழியே காட்டும் ஏற்பாடு அங்கே திறக்கப்பட்டது. பெர்லினுக்குப் போனதைப் பற்றி நாம் ஆத்திரங்கொள்ளுகிறோம். சென்னைக்குப் போனதும் அவ்வூராருக்கு ஓரளவு அதே அனுபவந்தானே?

விக்கிரகங்கள் விஷயத்தில் நமது நியாயம் தெளிவாக இருக்கிறது. 1976-ல் தஞ்சை நாட்டுப் பத்தூரில் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜர், திருட்டு வழியில் லண்டன் சேர்ந்தார். அங்கே வழக்காடி, பாழடைந்த கோயிலுக்கும் தன் மூர்த்தியைக் கேட்கும் உரிமை உண்டென்று அந்நாட்டு நீதிஸ்தலமே ஒப்ப, 1991-ல் அவரை மீட்டோம். ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2008-ல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014-ல் திரும்பப் பெற்றோம். “இது கலைப்பொருளன்று, எங்கள் தெய்வம்” என்பதே நமது வாதம். அவ்வாதத்தைக் கடல் கடந்து எழுப்பும் நாம், காரிமங்கலத்துக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூரின் உழவன் அதையே சொன்னால் அவன் வாயை அடைக்கலாமா? அயலானுக்கு ஒரு நீதி, நம்மவனுக்கு வேறு நீதியா?

உலகத்தின் போக்கும் இத்திசையிலேயே இருக்கிறது. சர்வதேசக் காட்சிச்சாலைச் சபையார் 1986-ல் ஏற்று 2004-ல் திருத்திய தர்ம விதிகளில், புனிதமென்று கருதப்படும் பொருள்களை அவற்றுக்குரிய சமூகத்தாரின் நலனுக்கும் நம்பிக்கைக்கும் இசையவே பாதுகாக்கவும் காட்டவும் வேண்டும் என்பதை ஏற்றிருக்கிறார்கள். தன் ஆதிக்குடிகளின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் அவரவர் கூட்டத்தாரிடம் திருப்பிக் கொடுக்க அமெரிக்கா 1990-ல் சட்டமே செய்தது. வெள்ளையர் தாம் பறித்தவர்களிடம் அனுசரிக்கத் தொடங்கிய மரியாதையை நாம் நம் சொந்த ஜனங்களிடம் அனுசரிப்பதற்குத் தயங்குவானேன்?

நாம் சொல்வது இதுதான். கும்பிடுவாருள்ள கல்லைத் தொடலாகாது. நின்ற இடத்திலேயே அதற்குக் கூரை வேண்டுமா, வேலி வேண்டுமா என்று ஊராரையே கேட்டுச் சர்க்கார் உதவட்டும். எழுத்துள்ள கல்லாயின், ஈரக் காகிதத்தை அழுத்தி மை ஒற்றிப் படி எடுத்துக்கொண்டு, அப்படியையும் அதன் வாசகத்தையும் ஊராருக்குப் படித்துக் காட்டட்டும். தாங்கள் வேடியப்பன் என்று வணங்குகிறவன் இன்ன பெயருடையவன், இன்னாரை எதிர்த்து இன்ன காலத்தில் பட்டவன் என்று அறிந்த பின் எழுத்தின்மேல் எண்ணெய் வாராமல் பாதத்தில் வார்க்க அவர்களே முன்வரக்கூடும். கட்டளையிட்டு ஆகாத காரியம் இப்படிச் சொல்லி ஆகும். கும்பிடுவாரின்றி ஆபத்திலிருக்கும் கல்லைக் காட்சிச்சாலை ஏற்கட்டும்; ஏற்கும்போது ஊரின் சம்மதத்தையும் ஊரின் பெயரையும் சேர்த்தே ஏற்கட்டும். பின்னொரு நாள் அவ்வூரார் ஒரு பொங்கல் பானையோடு வந்து நின்றால் காவற்காரன் அவர்களை விரட்டாதிருக்க வேண்டும்.

எல்லாக் கற்களும் சென்னைக்கு வந்தால்தான் ஆராய்ச்சி வளரும் என்பாரின் வாதத்தை நாம் ஏற்கவில்லை. ஆராய்கிறவர் பஸ் ஏறிக் காரிமங்கலத்துக்குப் போகலாம். கல் பஸ் ஏறி ஊருக்குத் திரும்ப முடியாது.

காரிமங்கலம் வட்டாரத்துத் தேச ஊழியர்களுக்கு இதில் உடனடியான வேலை இருக்கிறது. அடுத்து வரும் கிராம சபைக் கூட்டங்களில், தத்தம் எல்லைக்குள் உள்ள நடுகற்களின் ஜாபிதா ஒன்றைத் தயாரிக்கத் தீர்மானம் நிறைவேற்றலாம். பள்ளி உபாத்தியாயர்களும் மாணவர்களும் ஒவ்வொரு கல்லையும் அளந்து, படம் பிடித்து, சர்வே நம்பரைக் குறித்து, முதியோர் சொல்லும் கதையையும் எழுதிக்கொள்ளலாம். ஒரு பிரதி பஞ்சாயத்து ஆபீஸில் இருக்கட்டும். மற்றொன்று தர்மபுரி கலெக்டர் ஆபீஸுக்குப் போகட்டும். கல் குவாரிக்கு லைசென்ஸ் கேட்பவனும் ரஸ்தா போடும் காண்ட்ராக்டரும் முதலில் அந்த ஜாபிதாவைப் பார்த்தாக வேண்டும் என்று கலெக்டரிடம் கேட்டு வாங்குவதே அதற்கடுத்த காரியம்.