ஒன்றுபோல் தோன்றும் இரு படகுகள்

அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாநிலம் ஏரிகள் மலிந்தது. 1952-ஆம் ஆண்டில் அங்கே ஆம்புரோஸ் வீரஸ் என்னும் குடியானவர், எஃகுப் பீப்பாய்களை நீளவாக்கில் பற்றவைத்து, அத்தகைய இரு வரிசைகளின்மேல் மரத்தளம் பரப்பி ஏரியில் மிதக்கவிட்டார். இன்று அந்நாட்டுக் குடும்பங்கள், பாட்டி முதல் பேரக்குழந்தை வரை ஏறியமர்ந்து உலாவரும் 'பான்டூன்' படகு அவ்வாறு பிறந்ததே. பீப்பாய் இருந்த இடத்தில் அலுமினியக் குழாய் வந்துவிட்டது, அமைப்பு மாறவில்லை.

வாங்கச் செல்வோருக்கு நேரும் இடர்ப்பாடு யாதெனில், கடையில் நிற்கும் படகுகள் யாவும் உடன்பிறந்தவை போலத் தோன்றுவதே. ஒரே நீளம், ஒரே மாதிரி இருக்கை, விலையிலும் சொற்ப வித்தியாசம். மெத்தையின் அழகைக் கண்டு முடிவு செய்வோர் உண்டு. மெத்தையைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். தளத்திற்குக் கீழுள்ளதை மாற்றுதல் எளிதன்று. ஆகவே குனிந்து பார்த்தல் வேண்டும்.

முதலாவது, குழாயின் குறுக்களவு. 23 அங்குலமும் 25 அங்குலமும் கண்ணுக்கு ஒன்றே. கணக்கிட்டுப் பார்த்தால் வேறு. 20 அடி நீளமுள்ள இரு குழாய்கள் பாதியளவு அமிழ்ந்திருக்கையில், முதல் வகை சுமார் 3,600 பவுண்டு எடையையும் இரண்டாவது வகை சுமார் 4,250 பவுண்டு எடையையும் தாங்கும். முனைகள் கூம்பியிருப்பதால் இரண்டிலும் சிறிது குறையும். படகு, மோட்டார், எண்ணெய் ஆகியவற்றின் பாரமும் இதிலேயே அடக்கம். எனினும் இவ்விரண்டு அங்குலத்தில் ஏறக்குறைய நான்கு பெரியவர்களின் எடை அடங்கியிருக்கிறது! மாமனார் வீட்டாரையும் அழைத்துச் செல்லும் குடும்பத்திற்கு இது சிறிய விஷயமன்று.

அடுத்து, தகட்டின் கனம். அங்குலத்தில் ஆயிரத்தில் 80 பங்கு என்றும் 100 பங்கு என்றும் குறித்திருப்பார்கள். நூலில் எண் கூடினால் இழை மெலியும். இங்கே எண் கூடினால் தகடு தடிக்கும். கல் நிறைந்த கரையில் ஒதுக்குவோர் தடித்ததையே கொள்ளுதல் நன்று. குழாயின் உள்ளே தடுப்புகள் அமைத்துத் தனித்தனி அறைகளாகப் பிரித்திருக்கிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும். ஓரறை ஓட்டையானாலும் மற்றவை மிதக்கச் செய்யும்.

தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் இடைவெளியை அளவுகோல் கொண்டே பார்த்துவிடலாம். 16 அங்குலத்திற்கு ஒன்று எனில் நெருக்கமான பாவு. 24 அங்குலமெனில் இளக்கமான பாவு. தளப்பலகையை வெறும் திருகாணியால் பிடித்திருப்பதினும், ஊடுருவும் போல்ட்டு இட்டு முடுக்கியிருப்பது உறுதி.

மூன்றாவது குழாய் வைத்த படகு வேகத்திற்கும் அலைக்கும் ஏற்றது. விலையும் இழுவண்டிப் பாரமும் கூடும். சிற்றேரியில் மெல்ல உலாவ இரண்டே போதும் என்பது எமது கருத்து.

குழந்தைகள் ஏறும் படகாயின், முன்பக்கக் கதவின் தாழ்ப்பாளை நன்கு ஆராய வேண்டும். ஓடும் படகில் கதவுக்கு வெளியே முன்தளத்தில் அமர்வோர் தவறி விழுந்தால், படகு அவர்கள்மேலேயே சென்று, பின்னுள்ள சுழல்விசிறியில் சிக்க நேரிடும். அந்நாட்டுச் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைச் சட்டை படகில் இருத்தல் கட்டாயம். சிறுவர்க்கு அவரவர் அளவில் வாங்க வேண்டும். பெரியவர் சட்டை சிறுவர் தோளில் நில்லாது.

உப்புநீரில் ஓட்டுவதாயின், அலுமினியத்திற்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கட்டி பொருத்தியிருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். நன்னீர் ஏரிக்கும் உப்புநீருக்கும் அக்கட்டியின் உலோகம் வேறுபடும்.