மீனின் மேல் ஒட்டும் தட்டைப்புழு: உண்பவருக்கு ஆபத்தில்லை, வளர்ப்பவருக்கே நட்டம்

ஜெஞ்சாரோம், பந்திங், தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் கடல் மீன் இல்லாத வாரம் பல வீடுகளில் இல்லை. கூண்டிலிருந்து புதிதாக வந்த சியாக்காப் எனும் கொடுவா மீனையோ, கெராப்பு எனும் களவா மீனையோ குழாய் நீரில் கழுவும்போது தோலிலிருந்து வெள்ளையாகச் சிறு துணுக்குகள் உதிர்வதுண்டு. பெரும்பாலும் அவை செதிலாகவே இருக்கும். சில வேளைகளில் புழுவாகவும் இருக்கலாம். அதைப் பார்த்தவுடன் மீனையே குப்பையில் போட்டுவிடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்யத் தேவையில்லை.

இவை தட்டைப்புழு இனத்தைச் சேர்ந்தவை. கடல் மீன்களைப் பிடிக்கும் தட்டைப்புழுக்களில் மூன்று முக்கியப் பிரிவுகள் உள்ளன. முதலாவது, மீனின் தோலிலும் செவுளிலும் ஒட்டி வாழும் மோனோஜீனியா. இரண்டாவது, நத்தை போன்ற உயிர்களுக்குள் வளர்ந்து பிறகு மீனுக்கு வரும் புழுக்கள். மூன்றாவது, நாடாப்புழுக்கள். கூண்டு மீன் வளர்ப்பில் அடிக்கடி தொல்லை தருவது முதல் வகைதான்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

கொடுவா, களவா ஆகியவற்றின் தோலைத் தாக்கும் நியோபெனடேனியா எனும் புழு சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். உடல் கண்ணாடி போல இருப்பதால், மீனின் மேல் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருந்தாலும் தெரியாது. பின்புறத்தில் கொக்கிகளுடன் வட்டமான ஒட்டுறுப்பு உண்டு. அதனால் பற்றிக்கொண்டு மீனின் தோலையும் அதன் மேலுள்ள வழவழப்பையும் தின்கிறது.

அரிப்புத் தாங்காத மீன் வலையில் உடலை உரசும். செதில் உதிரும், புண் வரும், கண் வெளுத்துப் பார்வையும் போகலாம். அந்தப் புண் வழியே பாக்டீரியா நுழைந்தால் மீன்கள் சாகத் தொடங்கும். கடலில் தனித்துத் திரியும் மீனுக்கு நாலைந்து புழுக்கள் பெரிய பாரம் இல்லை. நெருக்கியடித்து வளரும் கூண்டில் நிலைமை வேறு. இந்தப் புழுவுக்கு இடையில் வேறு விலங்கு தேவையில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு நீந்திப்போய் அடுத்த மீனில் ஒட்டிக்கொள்ளும்.

நன்னீரே மருந்து, ஆனால் ஒருமுறை போதாது

கடல் நீருக்குப் பழகிய இந்தப் புழு நன்னீரில் தாங்காது. அதன் உடலுக்குள் நீர் புகுந்து, வெளுத்து, மீனை விட்டு உதிர்ந்துவிடும். கழுவும்போது அது வெள்ளையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். ஆகவேதான் கூண்டுக்காரர்கள் பாதிக்கப்பட்ட மீன்களைச் சில நிமிடங்கள் நன்னீர்த் தொட்டியில் விட்டு எடுக்கிறார்கள். ஆற்றுக்கும் கடலுக்கும் போய்வரும் கொடுவா அதை எளிதில் தாங்கும். களவா அவ்வளவு தாங்காது. கண்காணிப்பும் காற்றுக் குழாயும் வேண்டும்.

ஆனால் நன்னீர் முட்டையைக் கொல்வதில்லை. முட்டைகளில் நீண்ட இழைகள் உள்ளன. அவை வலையில் சிக்கிக்கொண்டு தங்கிவிடும். நம் நாட்டுக் கடலின் வெப்பத்தில் சுமார் ஒரு வாரத்தில் பொரித்து மீண்டும் மீனைப் பிடிக்கும். எனவே புதிய குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்குள் மறுமுறையும் மீனைக் குளிப்பாட்ட வேண்டும். அதே சமயத்தில் வலையை மாற்றிக் காயவைக்கவும் வேண்டும். மீனை மட்டும் கழுவிவிட்டு அதே பழைய வலையில் விடுபவருக்குக் கூலியும் நேரமும்தான் வீண்.

இடம் மாறும் மீனோடு இடம் மாறும் புழு

நம் நாட்டுக் கூண்டுகளுக்குக் களவாக் குஞ்சுகள் இந்தோனேசியா, தைவான் போன்ற நாடுகளிலிருந்தும் வருகின்றன. குஞ்சோடு புழுவும் வரலாம். இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1930-களில் காஸ்பியன் கடலிலிருந்து ஸ்டர்ஜன் மீன்களை ஏரல் கடலுக்குக் கொண்டுபோனார்கள். அவற்றின் செவுளில் இருந்த மோனோஜீனியா புழு, அதை முன்பின் அறியாத ஏரல் ஸ்டர்ஜனைத் தாக்கிப் பெருமளவில் மடியச் செய்தது. ஆகவே புதிய குஞ்சுகளை வாங்கியவுடன் மற்ற மீன்களோடு கலக்காமல், தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பார்ப்பது நல்லது.

இந்தப் புழுக்களை இனம் பிரித்து அறிவதில் மலேசியாவுக்குத் தனிப் பெயர் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சூசன் லிம் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை மீன்களின் மோனோஜீனியா புழுக்களுக்கே செலவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை வெளியிட்ட அவர், விலங்குகளுக்குப் பெயரிடும் விதிகளை வகுக்கும் அனைத்துலக ஆணையத்திலும் உறுப்பினராக இருந்தார். 2014-ல் மறைந்தார். எந்தப் புழு எந்த மீனைப் பிடிக்கும் என்று தெரிந்தால்தான், எந்தக் கூண்டுக்கு ஆபத்து என்று சொல்ல முடியும்.

வீட்டில் என்ன செய்வது?

மீனின் தோலிலும் செவுளிலும் வாழும் மோனோஜீனியா மனிதரைப் பிடிப்பதில்லை. கழுவி, செவுளை நீக்கிச் சமைத்தால் போதும். சில கடல் மீன்களின் வயிற்றுச் சவ்விலோ சதையிலோ வெள்ளை நூலாகவோ அரிசி போலவோ தெரிவது நாடாப்புழுவின் குஞ்சாக இருக்கலாம். அதன் முதிர்ந்த புழு சுறா, திருக்கை ஆகியவற்றின் குடலில் வாழ்வது. பார்க்க அருவருப்பாக இருந்தாலும், அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை நன்கு சமைத்து உண்ணலாம்.

எச்சரிக்கை வேண்டியது பச்சை மீனில்தான். கடல் மீனில் இருக்கக்கூடிய அனிசாக்கிஸ் எனும் புழு, தட்டைப்புழு அல்ல, உருளைப்புழு. அது உயிரோடு வயிற்றுக்குள் போனால் கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வரலாம். சதையின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் சூடானால் அது செத்துவிடும். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைத்தாலும் சாகும். ஆனால் எல்லா வீட்டுக் குளிர்பெட்டியும் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. எலுமிச்சைச் சாறோ வினிகரோ மட்டும் நம்பத் தகுந்ததல்ல. கொதிக்கும் குழம்பில் வெந்த மீனுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

கூண்டு வைத்திருப்பவர்கள், மீன் வலையில் உரசுவதையோ கண் வெளுப்பதையோ கண்டால் தாமதிக்காமல் ஒரு மீனை நன்னீர் வாளியில் விட்டுப் பார்க்கலாம். சில நிமிடங்களில் வெள்ளைத் துணுக்குகள் அடியில் தங்கினால் உடனே மாவட்ட மீன்வள இலாகாவை நாடுவது நல்லது. பக்கத்துக் கூண்டுக்காரருக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். ஒருவர் கூண்டைச் சுத்தம் செய்து மற்றவர் செய்யாமல் விட்டால், ஒரு வாரத்தில் புழு திரும்பி வந்துவிடும்.