கொஞ்சம் காசு வந்ததும் எழுத்து ஏன் கசக்கிறது?

இணையத்தில் எழுதுகிறவர்கள் எந்தக் கட்டத்தில் எழுதுவதை நிறுத்துகிறார்கள்? காசே வராத காலத்தில்தான் என்று தோன்றும். நான் பல வருடங்களாகப் பார்த்து வருவதில் அப்படி இல்லை. ஒரு பைசா வராத நாட்களில் ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து எழுதியவர்கள், மாதம் ஐந்நூறோ ஆயிரமோ வர ஆரம்பித்த பிறகுதான் சோர்ந்துபோகிறார்கள். "இதுக்குப் போய் இவ்ளோ மெனக்கெடணுமா?" என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. பூஜ்யத்தைவிட ஆயிரம் பெரிசுதானே? பெரிய தொகை வரும்போது உற்சாகம் ஏன் குறையணும்? இதைத் தேடிப் போனபோது, உளவியலிலும் பொருளாதாரத்திலும் ஏற்கெனவே நிறைய பேர் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இது என்று தெரிந்தது. அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு

தமிழில் எழுதிச் சம்பாதிப்பது எவ்வளவு சின்னத் தொகை என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரங்கள் தமிழுக்கு அதிகாரபூர்வமாக வந்ததே 2018 பிப்ரவரியில். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண் தபாலில் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். நடுவில் உள்ள 90 டாலரைக் கடக்கச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடக்கணக்கில்.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். ஒருவர் வாரத்துக்கு ஆறு மணி நேரம் எழுதுகிறார். மாதத்துக்கு 24 மணி நேரம். விளம்பரம், மின்னூல் எல்லாம் சேர்த்து மாதம் 1,200 ரூபாய் வருகிறது. மணிக்கு 50 ரூபாய். அவர் பார்க்கும் வேலையில் ஒரு மணி நேரத்துக்கு இதைப்போலப் பல மடங்கு வாங்குவார்.

இந்த வகுத்தல்தான் விஷம். காசு வராதவரை இந்தக் கணக்கைப் போடவே முடியாது. மேலே பூஜ்யம் இருந்தால் எதால் வகுத்தாலும் பூஜ்யம்தான். அதை யாரும் கூலி என்று நினைப்பதில்லை. 1,200 என்று ஒரு எண் வந்த உடனே அது கூலி ஆகிவிடுகிறது. கூலி என்று வந்துவிட்டால் "கட்டுப்படியாகுமா?" என்று கேட்பதுதானே முறை?

ஹைஃபாவில் நடந்த பரிசோதனை

இதை அப்படியே பரிசோதித்துப் பார்த்தவர்கள் உரி நீஸி, ஆல்டோ ருஸ்டிசினி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள். 2000இல் வெளியான அவர்களுடைய கட்டுரையின் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும்: போதுமான அளவு கொடு, இல்லையென்றால் கொடுக்கவே கொடுக்காதே.

இஸ்ரேலில் ஹைஃபா பல்கலைக்கழக மாணவர்கள் 160 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, 50 கேள்விகள் கொண்ட ஓர் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். வந்ததற்கு எல்லோருக்கும் ஒரே தொகை உண்டு. அதற்கு மேல், முதல் குழுவுக்கு எதுவும் கிடையாது. இரண்டாவது குழுவுக்குச் சரியான விடை ஒவ்வொன்றுக்கும் 10 அகோரா, அதாவது ஒரு ஷெக்கலில் பத்தில் ஒரு பங்கு. மூன்றாவது குழுவுக்கு 1 ஷெக்கல், நான்காவது குழுவுக்கு 3 ஷெக்கல்.

காசு வாங்காத குழு சராசரியாகச் சுமார் 28 கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னது. 1 ஷெக்கல், 3 ஷெக்கல் வாங்கிய இரண்டு குழுக்களும் 34ஐத் தாண்டின. 10 அகோரா வாங்கிய குழு? சுமார் 23. காசே கிடைக்காதவர்களைவிட மோசம்!

அவர்கள் செய்த இன்னொரு பரிசோதனையில் பள்ளி மாணவர்கள் வீடு வீடாகப் போய் நற்பணிக்கு நன்கொடை வசூலித்தார்கள். சும்மா போனவர்கள்தான் அதிகம் வசூலித்தார்கள். வசூலில் 1 சதவீதம் பங்கு தருவதாகச் சொல்லப்பட்டவர்கள் எல்லோரையும்விடக் குறைவு. 10 சதவீதம் வாங்கியவர்கள் இரண்டுக்கும் நடுவில்.

ஒருநாள் தேர்வையும் வருடக்கணக்கான எழுத்தையும் ஒன்றாக்க முடியாது, ஒத்துக்கிறேன். ஆனால் வரைபடத்தின் வடிவத்தைப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து நேராக மேலே ஏறவில்லை. முதலில் ஒரு பள்ளம், பிறகுதான் ஏற்றம். தமிழில் எழுதிச் சம்பாதிக்கும் பெரும்பாலானவர்கள் நிற்பது சரியாக அந்தப் பள்ளத்தில்.

பள்ளம் எப்படி உண்டாகிறது?

இதற்கான விளக்கம் இன்னும் முப்பது வருடம் பழசு. எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற கனசதுரப் புதிரைக் கொடுத்தார். மூன்று அமர்வுகள். இரண்டாவது அமர்வில் மட்டும் ஒரு குழுவுக்கு ஒரு புதிரை முடித்தால் ஒரு டாலர். ஒவ்வோர் அமர்விலும் நடுவே ஆய்வாளர் அறையை விட்டு எட்டு நிமிடம் வெளியே போய்விடுவார். மேஜையில் பத்திரிகைகளும் கிடக்கும், புதிரும் கிடக்கும். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். உண்மையில் அவர் அளந்தது அந்த எட்டு நிமிடத்தைத்தான். மூன்றாவது அமர்வில் காசு நின்றதும், முன்பு காசு வாங்கியவர்கள் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது முதல் அமர்வில் இருந்ததைவிடவும் குறைந்தது.

1973இல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில், படம் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு தாங்களாக வரையும் நேரம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியானது. ஆனால், எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைத் திடீரென்று வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பரிசு அதே பரிசு. கெடுத்தது எதிர்பார்ப்பு.

இந்த முடிவுகளை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1994இல் ஒரு தொகுப்பாய்வு, பாதிப்பு இவ்வளவு பெரிதில்லை என்றது. டெசியும் மற்ற இருவரும் 1999இல் 128 ஆய்வுகளைத் திரட்டிப் பதில் சொன்னார்கள். ஏற்கெனவே பிடித்துச் செய்யும் வேலையில், முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கும் பொருள் பரிசு ஆர்வத்தைக் குறைக்கிறது. 'இதை நன்றாகச் செய்திருக்கிறாய்' என்ற வாய்ச்சொல் ஆர்வத்தைக் கூட்டுகிறது. சலிப்பான வேலைக்கு இந்தப் பாதிப்பு இல்லை. மூட்டை தூக்குகிறவருக்குக் கூலி கொடுத்தால் மூட்டை மேல் இருந்த காதல் போய்விடும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம்!

டெசியின் விளக்கம் எளிமையானது. பணம் இரண்டு வேலை செய்யும். ஒன்று, உன்னைக் கட்டுப்படுத்தும். இன்னொன்று, உனக்கு ஒரு சேதி சொல்லும். 'இந்தத் தலைப்பில் எழுதினால்தான் காசு' என்று உணர்ந்தால் அது கடிவாளம். 'முகம் தெரியாத யாரோ இதற்குக் காசு கொடுக்கிற அளவுக்கு இது அவருக்கு உதவியிருக்கு' என்று உணர்ந்தால் அது சேதி. தொகை ஒன்றுதான், விளைவு வேறு.

டிரோலப்பின் கடிகாரம்

பள்ளத்தைக் கடந்தவர் யாராவது இருக்காங்களா? எனக்குப் பிடித்த உதாரணம் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரோலப். 1834இல் பிரிட்டிஷ் தபால் துறையில் சேர்ந்து 1867வரை வேலை பார்த்தவர். சாலையோரத் தபால் பெட்டி 1852இல் சானல் தீவுகளுக்கு வந்தது இவருடைய பரிந்துரையில்தான்.

1855இல் வெளியான 'தி வார்டன்' நாவலுக்கு அந்த வருடக் கடைசியில் வந்தது 9 பவுண்டு 8 ஷில்லிங் 8 பென்ஸ். அடுத்த வருடம் 10 பவுண்டு 15 ஷில்லிங் 1 பென்ஸ். செலவழித்த நேரத்துக்குக் கல் உடைத்திருந்தால்கூட இதைவிட அதிகம் கிடைத்திருக்கும் என்று அவரே தன் சுயசரிதையில் கணக்குப் பார்த்திருக்கிறார். நம்ம மணிக்கு 50 ரூபாய்க் கணக்கேதான். ஆனாலும் நிறுத்தவில்லை. 47 நாவல் எழுதினார்.

எப்படி? காலை ஐந்தரை மணிக்கு மேஜையில் இருப்பார். எழுப்பிவிட்டு காபி கொண்டுவர ஒரு பழைய வேலைக்காரருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு தனியாகக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பது. பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 வார்த்தை. எட்டரைக்கு முடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு நாட்குறிப்பில் தினமும் எழுதிய பக்கங்களைக் குறித்துவைத்தார். வாரத்துக்குச் சராசரி 40 பக்கம். குறைந்தது 20, அதிகபட்சம் 112.

பணத்தைப் பற்றி அவர் கூச்சப்படவே இல்லை. மொத்தம் 68,939 பவுண்டு 17 ஷில்லிங் 5 பென்ஸ் என்று புத்தக வாரியாகப் பட்டியல் போட்டார். அவர் இறந்த பிறகு 1883இல் சுயசரிதை வெளியானபோது, இலக்கியத்தை இப்படியா வியாபாரக் கணக்காகப் பேசுவது என்று முகம் சுளித்தவர்கள் பலர். ஆனால் தினமும் காலையில் அவர் முன்னால் இருந்தது பக்கக் கணக்கு. தன் கையில் இருப்பதை தினம் அளந்தார், தன் கையில் இல்லாததை எப்போதாவது பார்த்தார்.

நம் ஊரிலும் இது புதிதில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துகொண்டேதான் உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அச்சுச் செலவுக்கு முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கினார். இன்று சந்தா என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். அந்தப் பணம் புத்தகத்துக்கான பணம். வயிற்றுக்குச் சம்பளம் தனி.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

நான் கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, வருமானப் பக்கத்தை மாதம் ஒரு முறைதான் திறப்பது. தினமும் பார்த்தால் சில நாள் ஏறும், பல நாள் இறங்கும். எப்போது ஏறும் என்று தெரியாததுதான் திரும்பத் திரும்பப் பார்க்கவைக்கும். லாட்டரிச் சீட்டின் சூட்சுமமும் அதுவே. தினமும் குறிப்பது உட்கார்ந்த நேரத்தையும் எழுதிய பத்திகளையும் மட்டும்.

இரண்டு, எழுத்தில் வந்த காசு எழுத்துக்கே. வீட்டுச் செலவில் கலந்தால் 1,200 ரூபாய் ஒரு மூலையில் காணாமல் போகும். தனியாக வைத்தால் அதே 1,200 பழைய புத்தகக் கடையில் இரண்டு புத்தகம், அல்லது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு நடை. அடுத்த கட்டுரைக்கு முந்தைய கட்டுரை விதைநெல் கொடுக்கிறது. இங்கே கடிவாளம் சேதியாக மாறுகிறது.

மூன்று, தலைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் எண்களைப் பார்ப்பது. வரிசையை மாற்றினால் மூன்று மாதத்தில் உங்களுக்குப் பிடிக்காத விஷயத்தை எழுதிக்கொண்டு இருப்பீர்கள்.

நான்கு, வீட்டில் பேசி நேரத்தை முடிவு செய்வது. எழுத்தின் உண்மையான செலவு இணைய வாடகை இல்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்கள். குழந்தையோடு பார்க்காமல் விட்ட சினிமா, அம்மாவுக்குப் போடாத போன். 1,200 ரூபாயைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். "இது எனக்கு வேணும், வாரம் ஆறு மணி நேரம், அதுக்கு மேல இல்ல" என்று நேராகக் கேட்பது மேல். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஆறு மணி நேரத்தின் விலை நன்றாகவே தெரியும்.

பணம் உண்மையிலேயே தேவை என்றால்

மேலே சொன்னதெல்லாம் சம்பளம் வேறு இடத்தில் வருகிறவருக்கு. எழுத்தை நம்பித்தான் அடுப்பெரிய வேண்டும் என்றால் 'ஆத்ம திருப்திக்கு எழுது' என்பது பொறுப்பில்லாத அறிவுரை. அவர்கள் பள்ளத்தின் மறுகரைக்குப் போயாக வேண்டும்: மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம், நிறுவனங்களுக்கான எழுத்து என்று வார்த்தைக்கோ பக்கத்துக்கோ விலை பேசி வாங்கும் வேலைகள். ஹைஃபாவில் 1 ஷெக்கல் வாங்கியவர்களும் 3 ஷெக்கல் வாங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் செய்தார்கள். 'போதும்' என்று தோன்றும் அளவைத் தொட்டுவிட்டால் பள்ளம் இல்லை.

ஆபத்து இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான். பொழுதுபோக்கின் வருமானத்தைச் சம்பளத்தின் அளவுகோலால் அளப்பது ஒரு குழப்பம். சம்பளமாக வேண்டியதைப் பொழுதுபோக்கு என்று சொல்லி விலை கேட்காமல் விடுவது இன்னொன்று. உங்களுடையது எந்தக் கணக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். முதல் கணக்கு என்றால், அடுத்த முறை மணிக்கு 50 ரூபாய் என்று மனசு வகுக்க ஆரம்பிக்கும்போது, அந்த ஒரு மணி நேரத்தில் என்ன புதிதாகத் தெரிந்துகொண்டீர்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். அப்படி எழுத எதுவும் இல்லாத மாதங்கள் தொடர்ந்து வந்தால், அப்போது நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம்.