கண்ணுக்குள் மச்சம் வருமா? எப்போது உஷாராக வேண்டும்?

உடம்பில் ஒரு மச்சம்கூட இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். அதே மாதிரி மச்சம் கண்ணுக்குள்ளும் வரும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. தோலுக்கு நிறம் தரும் மெலனினைத் தயாரிப்பவை மெலனோசைட் செல்கள். இவை விழித்திரைக்கு அடியில் இருக்கும் கோராய்டு படலத்திலும் உண்டு. கட்டுப்பாடு இழந்து இவை பெருகினால் அது மெலனோமா புற்றுநோய்.

கண்ணுக்குள் வரும் மெலனோமா மிக அரிது. வெள்ளையர் அதிகமுள்ள நாடுகளிலேயே ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் சுமார் 5 பேருக்குத்தான் வருகிறது. இந்தியர்களிடம் இன்னும் குறைவு. ஆனால் வலி இருக்காது, கண் சிவக்காது. அதுதான் சிக்கலே.

புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்கு 2005-ல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. கதிர்வீச்சு சிகிச்சையில் கட்டி அடங்கியது. அந்தக் கண்ணின் பார்வை போய்விட்டது. சுமார் 9 ஆண்டுகள் கழித்து நோய் கல்லீரலில் தலைகாட்ட, 2015-ல் காலமானார். கண்ணுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? கண்ணுக்குள் நிணநீர் நாளங்கள் இல்லாததால், புற்றுசெல்கள் ரத்தம் வழியாகவே பரவுகின்றன. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படிப் பரவுகிறது. அதில் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் கல்லீரல்.

ஒரே பெயர் என்றாலும் தோல் மெலனோமாவும் இதுவும் ஒன்றல்ல. தோலில் பெரும்பாலும் பிராஃப் என்ற மரபணு கெட்டுப்போகிறது. கண்ணில் ஜிஎன்ஏக்யூ, ஜிஎன்ஏ11. அதனால் தோலுக்கு நன்றாக வேலை செய்யும் மருந்துகள் கண் மெலனோமாவில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. இதற்கென்றே வந்த டெபெண்டாஃபஸ்ப் மருந்துக்கு அமெரிக்கா 2022-ல்தான் அனுமதி கொடுத்தது. அதுவும் குறிப்பிட்ட திசு வகை உள்ளவர்களுக்கு மட்டுமே.

ஒரு காலத்தில் கண்ணையே எடுத்துவிடுவார்கள். நடுத்தர அளவு கட்டிகளுக்கு, கதிரியக்கத் தகட்டைக் கண்ணின் மேல் சில நாட்கள் தைத்து வைத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம், அணுக்கழிவிலிருந்து பிரித்தெடுத்த ருத்தேனியம்-106-ஐக் கொண்டு இந்தத் தகட்டை உள்நாட்டிலேயே தயாரிக்கிறது.

சரி, தோலில்? நம்மைப் போன்ற கருநிறத்தவருக்கு மெலனோமா வந்தால், பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் வந்தது இதுதான். கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1981-ல் 36 வயதில் இறந்தார்.

நம் நிறத்துக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடு இருப்பது சாதாரணம், பதற வேண்டாம். ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, நகத்தைச் சுற்றியுள்ள தோலும் கருத்தாலோ, "அடிபட்டிருக்கும், விடுங்க" என்று இருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கண்ணில் ஒளி மின்னுவது, பார்வையில் நிழல் விழுவது போன்றவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் சோதனையில் இது சிக்காது.