உஷார்! ரெஸ்யூமேயில் ஏறும் அந்த 96

போன வாரம் உறவுக்காரப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் தன் ரெஸ்யூமேயை அனுப்பினான். சிபிஎல் என்னும் கமர்ஷியல் பைலட் லைசன்ஸ் கைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஏதோ ஒரு ஏர்லைன் ஆள் எடுக்கிறதாம். “மாமா, அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பார்த்துடுங்க” என்றான். திறந்தேன். பெயருக்குக் கீழே, தடித்த எழுத்தில்: ஏர் நேவிகேஷன் 96, ரெகுலேஷன்ஸ் 94, மெட்டீயராலஜி 91, டெக்னிக்கல் ஜெனரல் 88. பறந்த மணிக்கணக்கு இரண்டாம் பக்கத்தின் அடியில் பதுங்கிக் கிடந்தது. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

பையனைக் குறை சொல்லவில்லை. பத்தாவது மார்க், பன்னிரண்டாவது மார்க், கட் ஆஃப் என்று வளர்த்த பிள்ளைகள். மார்க் என்றால் ஊருக்கே சொல்ல வேண்டியது என்றுதான் அவர்களுக்குத் தெரியும். ஆனால் காக்பிட்டுக்குப் போகிற வழியில் அந்தக் கணக்கு செல்லாது. செல்லாததோடு நிற்காமல் ஆளையே கவிழ்த்துவிடும். ஆகவே, சிபிஎல் முடித்துவிட்டு வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளே, உஷார்!

விமானி லைசன்ஸ் தரும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் பரீட்சையில் பேப்பருக்கு 70 எடுத்தால் பாஸ். 71 எடுத்தவனுக்கும் 96 எடுத்தவனுக்கும் ஒரே லைசன்ஸ்தான். அது ஒரு வாசல்படி. தாண்டினாயா இல்லையா, அவ்வளவுதான். அதிலும் கேள்வி வங்கியை மனப்பாடம் செய்து 90க்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று இன்டர்வியூ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் கேப்டனுக்கு நன்றாகத் தெரியும். அவரும் ஒரு காலத்தில் ஐ.சி. ஜோஷியின் வானிலைப் புத்தகத்தையும் ஆர்.கே. பாலியின் ரெகுலேஷன்ஸ் புத்தகத்தையும் தலைக்கு வைத்துத் தூங்கியவர்தான்.

அப்படிப்பட்டவர் முன்னால் ‘நேவிகேஷன் 96’ என்று போட்டால் என்ன ஆகும்? நீங்களே சிலபஸை எடுத்துக் கொடுத்து, இதிலிருந்து கேளுங்கள் என்று சொன்னது போல் ஆகும். “ஓ, 96ஆ? சரி, கன்வர்ஷன் ஆங்கிள் எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்று சிரித்தபடியே ஆரம்பிப்பார். இரண்டு ஊர்களின் தீர்க்கரேகை வித்தியாசத்தில் பாதியை நடு அட்சரேகையின் சைனால் பெருக்க வேண்டும். படித்த நாளில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். பரீட்சை முடிந்து இரண்டு வருஷம் கழித்து, புதுக் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்கும்போது வருமா? 96 போடாதவன் திணறினால் பதற்றம் என்று விடுவார்கள். போட்டவன் திணறினால் அந்த 96ஏ சந்தேகத்துக்கு வரும். பெரும்பாலான ஏர்லைன்கள் தாங்களே ஒரு எழுத்துத் தேர்வும் வைக்கின்றன. அன்றைக்குக் காலையில் நீங்கள் எழுதிய பேப்பர் கண்ணெதிரே இருக்கும்போது பழைய மார்க் எதற்கு?

இதெல்லாம் கூடச் சின்ன விஷயம். எனக்குப் புளியைக் கரைத்தது வேறு. அந்தப் பட்டியலில் ஐந்தாவது பேப்பரான டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் இல்லை. ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ‘டைப்பிங்’ என்று காட்டி நின்றது. பிறகு பதில் வந்தது: மூன்றாவது தடவையில் 71. கூடவே இன்னொரு வரி: “ஃப்ரெண்ட் ஒருத்தன், எல்லா பேப்பரும் ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்னு பொதுவா போட்டுடுன்னு சொல்றான் மாமா.”

உடனே போனில் கூப்பிட்டுவிட்டேன். மார்க்கை எழுத ஆரம்பித்தால் இப்படித்தான் போகும். நாலு நல்லதைப் போட்டால் ஐந்தாவது எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு வரியைக் கூட்டிப் போடத் தோன்றும். அந்த ஒரு வரி போதும்.

2011 ஜனவரியில் தில்லியிலிருந்து கோவா போன ஒரு பயணிகள் விமானம், பின்சக்கரங்கள் தரையைத் தொடும் முன்பே மூக்குச் சக்கரத்தில் இறங்கியது. ஏன் இப்படி இறங்கியது என்று தோண்டப் போன டிஜிசிஏ, கேப்டனின் ஏடிபிஎல் (கேப்டன் ஆவதற்கான லைசன்ஸ்) மார்க்‌ஷீட்டே போலி என்று சொன்னது. பிறகு ஒருவர்பின் ஒருவராக மாட்டினார்கள். விமானிகளும் இடைத்தரகர்களும் கைதானார்கள். நாட்டிலிருந்த ஏடிபிஎல் லைசன்ஸ்கள் ஆயிரக்கணக்கில் மறுபடி சரிபார்க்கப்பட்டன. நேர்மையாகப் படித்துப் பாஸான கேப்டன்களின் மார்க்‌ஷீட்டும் சேர்ந்துதான் மேசைக்கு வந்தது. அதற்குப் பிறகு இந்தியாவில் விமானியின் மார்க் என்றாலே ஒரு கண் சுருங்குகிறது. இந்தச் சூழலில் கேட்காத மார்க்கை நீங்களாகவே நீட்டுகிறீர்கள்.

பாகிஸ்தானில் நடந்தது இதைவிடப் பெரிது. 2020 ஜூனில் அந்நாட்டு விமானத் துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, 860 விமானிகளில் 262 பேரின் லைசன்ஸ் சந்தேகத்துக்குரியது, பரீட்சையை வேறு ஆட்கள் எழுதியிருக்கிறார்கள் என்று அறிவித்தார். சில பரீட்சைகளுக்குப் போட்டிருந்த தேதி விடுமுறை நாள்! சில நாட்களிலேயே ஐரோப்பா அந்நாட்டு ஏர்லைனான பிஐஏவின் விமானங்களுக்குக் கதவை மூடியது. 2024 நவம்பரில்தான் அந்தத் தடை நீங்கியது. பட்டியலில் இருந்த பலர் பின்னர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். பெயர் கெட்டது கெட்டதுதான்.

அமெரிக்காவிலும் எழுத்துத் தேர்வுக்கு 70தான் பாஸ். ரிசல்ட் தாளில் எந்தப் பகுதியில் தப்பு விட்டீர்கள் என்று குறியீடு அச்சாகி வரும். செக்ரைட் என்னும் பறக்கும் தேர்வை எடுக்கும் எக்ஸாமினர் வாய்மொழித் தேர்வில் அதையே பிடித்துக் குடைவார். அந்தக் கட்டம் தாண்டினால் மார்க்கை யாரும் சீந்துவதில்லை. அங்கே ஏர்லைன்கள் துருவுவது செக்ரைடில் தோற்றதுண்டா என்பதைத்தான். 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்த கேப்டன், தான் தோற்ற செக்ரைடுகள் எல்லாவற்றையும் வேலைக்குச் சேரும்போது சொல்லவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அதற்குப் பிறகு விமானிகளின் பயிற்சித் தோல்விகளையும் பதிந்து வைக்கும் பொதுத் தரவுத்தளத்தையே கொண்டுவந்துவிட்டார்கள். மறைத்துவிட்டுத் தப்பிக்கும் காலம் அங்கே மலையேறிவிட்டது.

அதனால் பையனிடம் சொன்னது இதுதான். மார்க் வரிசையை அடியோடு எடு. விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் மட்டும் ஐந்து பேப்பரையும், எத்தனை தடவை எழுதினாய் என்பதையும் மார்க்‌ஷீட்டில் உள்ளபடியே எழுது. 71ஐ 72 ஆக்கினாலும் அது பொய்தான். மூன்றாவது தடவையில் பாஸானதைப் பற்றிக் கேட்டால், எங்கே தடுமாறினேன், பிறகு எப்படிப் படித்தேன் என்று நேராகச் சொல். தடுமாறி எழுந்தவனைப் பார்த்து எந்த கேப்டனும் முகம் சுளிக்க மாட்டார். டிஜிசிஏவிடம் பொய் சொல்லியோ மறைத்தோ வாங்கிய லைசன்ஸை ரத்து செய்ய 1937 விமான விதிகளின் 19ஆவது விதியே இடம் தந்தது. ஏர்லைனிடம் பொய் சொன்னால் விதி எதுவும் வேண்டாம், கதவைச் சாத்திவிடுவார்கள். இந்தத் தொழில் சின்ன ஊர் மாதிரி. ஒரு பயிற்சிப் பள்ளியில் பேசியது அடுத்த பள்ளிக்குப் போய்ச் சேர ஒரு டீ நேரம் போதும்.

முதல் பக்கத்தில் வர வேண்டியது வேறு. லைசன்ஸ் எண், கிளாஸ் ஒன் மெடிக்கல் எதுவரை செல்லும், மொத்த மணி, பிஐசி மணி (விமானத்தின் பொறுப்பில் இருந்து பறந்தது), மல்டி எஞ்சின், ஐஆர் (கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதி) எடுத்த தேதி, ஆங்கிலத் தகுதி லெவல், கடைசியாகப் பறந்த நாள். இதில் ஒவ்வொரு எண்ணும் லாக்புக்கோடு தசமப் புள்ளி வரை ஒத்துப்போக வேண்டும். பறக்காமலே எழுதிய மணியை விமானிகள் ‘பார்க்கர் 51’ மணி என்று கேலி செய்வார்கள். பேனாவால் பறந்தது என்று அர்த்தம்.

“லாக்புக்கை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கூட்டிட்டு கூப்பிடு” என்று போனை வைத்தேன். ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டான். ரெஸ்யூமேயில் பிஐசி 118.4. லாக்புக்கில் கூட்டினால் 115.2. ஒரு பக்கத்தின் மொத்தத்தை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும்போது எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் அதை யார் நம்புவார்கள்?

விண்ணப்பம் மூட இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பக்கம் பக்கமாகத் திரும்பக் கூட்டிக்கொண்டிருக்கிறான்.