பட்டி பார்க்காமல் பெயிண்டு அடிக்கலாமா?

வத்திராயிருப்பு வெயில் பொல்லாதது. கார் பானட்டில் உள்ள குறையை அது காட்டிக் கொடுத்துவிடும்!

பெங்களூர் சிபானி கம்பெனி 1982-ல் வெளியிட்ட ‘டால்பின்’ காருக்கு உடம்பு இரும்பு அல்ல, கண்ணாடி நார். இது துருப்பிடிக்காது. ஆனால் ஊசித்துளையும் முடிவெடிப்பும் உண்டாகும். அவற்றின்மேல் அப்படியே பெயிண்டு அடித்தால், துளைக்குள் அடைபட்ட காற்று சூட்டில் விரியும். பெயிண்டு கொப்பளிக்கும். செலவு வீண்!

முதலில் அழுக்கைச் சோப்பு நீராலும், மெழுகைத் தின்னராலும் போக்க வேண்டும். வெடிப்பை மேலே மூடினால் போதாது. அடிவரை தேய்த்துத் திறந்து, கண்ணாடி நாரும் ரெசினும் வைத்து அடைக்க வேண்டும். ஊசித்துளையில் பட்டியை அழுத்தி இழுக்க வேண்டும்.

காய்ந்ததும் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். பறக்கும் தூள் நெஞ்சுக்கு ஆகாது, மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

பிறகு பிரைமர். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய பள்ளம் கைக்குத் தப்பாது!